விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு மேம்படுத்தும்போது பாதியில் நின்றுவிடுகிறது (பழைய கோர் 2 டுவோ கணினி)

கெடிலக்கரை (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தட்டச்சு, நகல், இணையவழி விண்ணப்பம் ஆகிய வேலைகளுக்காகச் சிறு கடை ஒன்று நடத்துகிறேன். கடையில் உள்ள கணினி இன்டெல் கோர் 2 டுவோ இ7500 செயலியும், ஜி41 சிப்செட் மதர்போர்டும், 4 ஜிபி ரேமும், 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் கொண்டது. இயங்குதளம் 32 பிட் விண்டோஸ் 7. பேஜ்மேக்கரில் துண்டறிக்கையும் கல்யாணப் பத்திரிகையும் வடிவமைத்து எச்பி லேசர்ஜெட் 1020-இல் அச்சிடுவது வரை இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த இயங்குதளத்தில் குரோம் 109-ஆம் பதிப்புடன் நின்றுவிட்டதால், விண்ணப்பத் தளங்கள் ஒவ்வொன்றாக "உங்கள் உலாவி பழையது" என்று சொல்லித் திருப்பி அனுப்பத் தொடங்கியுள்ளன.

ஆகவே பென் டிரைவ் வழியாக விண்டோஸ் 10-க்கு மேம்படுத்த முயன்றேன். கோப்புகளை ஆயத்தப்படுத்தும் கட்டத்தில் கணினி நெடுநேரம் அசைவற்று நின்று, பிறகு மெதுவாக நகர்ந்து, இறுதியில் "சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை" என்ற பொருள்படும் செய்தியைக் காட்டிவிட்டு வெளியேறிவிடுகிறது. சி டிரைவில் 40 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கும்போது இடம் இல்லை என்று ஏன் சொல்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இது தவிர, காலையில் கடை திறந்து கணினியை இயக்கினால் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறது. அதைத் திருத்தும் வரை எந்தத் தளமும் திறப்பதில்லை.

முழுவதும் ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று இங்குள்ள ஒருவர் சொன்னார். டி டிரைவில் வாடிக்கையாளர்களின் பல ஆண்டு வடிவமைப்புகள் இருப்பதால் அதற்கு மனம் துணியவில்லை. ஃபார்மட் செய்யாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

ஊசுட்டேரி (புதுச்சேரி):

ஐயா, இடம் போதாமல் இருப்பது சி டிரைவில் அன்று. விண்டோஸ் 7-ஐப் புதிதாக நிறுவும்போது, சி டிரைவுக்கு முன்னால் 100 எம்பி அளவில் சி, டி போன்ற எழுத்துப் பெயர் இல்லாத ஒரு சிறு பார்ட்டிஷனை (டிஸ்க்கின் தனிப் பகுதி) அது தானாகவே உருவாக்கிக்கொள்ளும். சிஸ்டம் ரிசர்வ்டு என்பது அதுதான். கணினி தொடங்குவதற்கான கோப்புகள் அதில்தான் இருக்கும். விண்டோஸ் 10 நிறுவி தன்னுடைய தொடக்கக் கோப்புகளையும் அங்கேயே எழுத வேண்டும். அந்த 100 எம்பிக்குள் பல மொழிகளுக்கான கோப்புறைகளும், எழுத்துருக்களும், விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் தனக்காக எழுதி வைக்கும் மாற்றப் பதிவேடும் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், சி டிரைவில் எவ்வளவு காலியிடம் இருந்தாலும் பயனில்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பார்ட்டிஷனுக்குத் தற்காலிகமாக ஓர் எழுத்துப் பெயர் கொடுத்து, ஆங்கிலம் தவிர்த்த மொழிக் கோப்புறைகளை நீக்கி, மாற்றப் பதிவேட்டையும் அழித்துவிட்டால் வேண்டிய இடம் கிடைத்துவிடும். வேலை முடிந்ததும் எழுத்துப் பெயரை மறவாமல் எடுத்துவிடுங்கள்.

அதற்கு முன் சி, டி இரண்டிலும் செக்டிஸ்க்கை (டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கருவி) முழுச் சோதனையாக ஓட்டிவிடுவது நல்லது. பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா அமைப்பு, அதாவது டிஸ்க்கோடு கணினி பேசும் முறை, பழைய ஐடிஇ என்று இருந்தால் புதிய ஏஎச்சிஐ என மாற்றுங்கள். வேகம் சற்றுக் கூடும்.

தேதி பின்னோக்கிப் போவதற்கு மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனதே காரணம். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் அதிலேயே ஓடிவிடும். இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில்தான் பேட்டரியின் குறை வெளிப்படும். தேதி 2009 என்றால், பிற்காலத்தில் வழங்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் நடைமுறைக்கே வராதவை என்று உலாவி கருதிவிடும். தளங்கள் திறக்காததற்கு அதுவே காரணம்.

நெல்லிக்குப்பத்துக்காரர்:

கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள்: செக்டிஸ்க் முழுச் சோதனையை இப்போதைக்கு ஓட்டாதீர்கள். மேலே சொல்லப்பட்ட பார்ட்டிஷன் விளக்கம் சரியானதே. ஆனால் "கணினி நெடுநேரம் அசைவற்று நின்று, பிறகு மெதுவாக நகர்ந்து" என்ற உங்கள் வரியை அது விளக்கவில்லை. 100 எம்பி போதாமை என்பது செய்தியைக் காட்டிவிட்டு நிற்குமே ஒழிய, கணினியை உறைய வைக்காது. படிக்க முடியாத ஓர் இடத்தை ஹார்டு டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயலும்போதுதான் அப்படி நிற்கும். தேய்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில் முழுச் சோதனை ஓட்டினால் அது ஒவ்வொரு இடத்தையும் தொட்டுப் பார்ப்பதோடு நில்லாமல் கோப்பு முறைமையையும் திருத்தி எழுதத் தொடங்கிவிடும். மீட்க வேண்டிய கோப்புகள் அந்தத் திருத்தத்திலேயே துண்டு துண்டாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் நகல், பிறகு சோதனை. அந்தச் சோதனையும் நகலின் மீதுதான்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இயக்கி, 05, சி5, சி7 என்ற வரிசைகளில் உள்ள மூல மதிப்பை இங்கே எழுதுங்கள். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு மாற்றிக்கொண்ட இடங்களின் எண்ணிக்கை, சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கை, சி7 என்பது கேபிள் வழியாகத் தரவு வரும்போது ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை. சி7 மட்டும் உயர்ந்திருந்தால் சாட்டா கேபிளை மாற்றினாலே போதும். கடற்காற்று வீசும் ஊரில் கேபிள் முனையும் ரேம் முனையும் களிம்பேறுவது வழக்கம்தான். ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் மென்மையாகத் துடைத்து மாட்டுவதில் எந்த நட்டமும் இல்லை.

ஏஎச்சிஐ பற்றி: ஜி41 மதர்போர்டுகளில் பொதுவாக ஐசிஎச்7 (டிஸ்க் இணைப்பைக் கவனிக்கும் சில்லு) தான் இருக்கும், அதில் ஏஎச்சிஐ கிடையாது. பயாஸில் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

கெடிலக்கரை:

விரைந்து உதவிய இருவருக்கும் நன்றி. பேட்டரியைக் கழற்றியபோது அதன் அடிப்பக்க விளிம்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி படிந்திருந்தது. மல்டிமீட்டரில் 2.1 வோல்ட் மட்டுமே காட்டியது; புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. மாற்றியபின் தேதி நிலைத்து நிற்கிறது.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. 05-இல் 3, சி5-இல் 18, சி7-இல் சுழியம். டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால் சிஸ்டம் ரிசர்வ்டு 100 எம்பி, சி, டி என மூன்று பார்ட்டிஷன்கள் உள்ளன. 18 இடங்கள் என்பது பெரிய எண்ணிக்கையா?

நெல்லிக்குப்பத்துக்காரர்:

அந்த மென்பொருள் மூல மதிப்பைப் பதினாறடிமான (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட) எண்ணாகக் காட்டும்; ஆகவே அது 18 அன்று, 24. எண்ணிக்கையைவிட அது கூடுகிறதா என்பதே முக்கியம். கூடுகிறதா என்று காத்திருந்து பார்க்கும் நிலையில் நீங்கள் இல்லை, ஏனெனில் டி டிரைவுக்கு வேறு நகல் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. சுழியமாக இருக்கும் சி7, பழுது கேபிளில் இல்லை என்பதை உறுதிப்படுத்துகிறது.

பாகூரான்:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். டிஸ்க் தேய்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு, விண்டோஸ் 10-க்குத்தான் போக வேண்டுமா என்ற கேள்வியையும் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டமும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். விண்டோஸ் 7-இன் உரிம எண்ணைக் கொண்டு 10-ஐச் செயல்படுத்தும் வழியும் 2023 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது. ஆக, 100 எம்பி பார்ட்டிஷனோடு போராடி வென்றாலும், உரிமம் ஏற்கப்படாத, ஆதரவு முடிந்துபோன ஓர் இயங்குதளத்தில்தான் போய் நிற்பீர்கள். விண்டோஸ் 11 பற்றி யோசிக்கவே வேண்டாம். அதற்கு 32 பிட் பதிப்பே இல்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும், அந்தச் சோதனையைச் சுற்றிக் கடந்தாலும் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ4.2 கட்டளைத்தொகுதி இல்லாத செயலியில் அது தொடங்கவே தொடங்காது. இ7500 எஸ்எஸ்இ4.1-உடன் நின்றுவிட்ட தலைமுறை.

என் பரிந்துரை: 480 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று வாங்குங்கள். பழைய 320 ஜிபி டிஸ்க்கை அப்படியே அதற்கு நகலெடுங்கள். விண்டோஸ் 7-உம் பேஜ்மேக்கரும் இருந்தபடியே வந்துவிடும். மீதமுள்ள ஏறத்தாழ 160 ஜிபியில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தின் எளிய எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவி, இணைய வேலை அனைத்தையும் அங்கே செய்யுங்கள். அதற்கு 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் நலம் என்கிறார்கள். ஆதரவு 2029 வரை உண்டு. இ7500 செயலி 64 பிட் திறன் உள்ளதுதான். உங்கள் விண்டோஸ்தான் 32 பிட். ஏஎச்சிஐ இல்லாவிட்டாலும் எஸ்எஸ்டி அந்தப் பலகையில் வேலை செய்யும். நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் உங்கள் டிஸ்க்கின் எம்பிஆர் எனும் பார்ட்டிஷன் அட்டவணை ஏற்காது; மூன்று ஏற்கெனவே இருப்பதால் நான்காவதை விரிவுப் பார்ட்டிஷனாக அமைத்து அதற்குள் மின்ட்டை நிறுவுங்கள்.

நகலெடுக்கும் முறையில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே, நிறுவாமல் இயக்குங்கள். அந்தப் பென் டிரைவை உருவாக்க ரூஃபஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவதானால் 3.22 பதிப்பை எடுங்கள். அதற்குப் பிந்தையவை விண்டோஸ் 7-இல் ஓடாது. நேரடி அமர்வில் (மின்ட்டை நிறுவாமல் இயக்கும் நிலையில்) ஜிடிடிரெஸ்க்யூ என்ற தொகுப்பை நிறுவினால் டிடிரெஸ்க்யூ கருவி கிடைக்கும். சாதாரண நகல் மென்பொருள்கள் பழுதான இடத்தில் முட்டி அங்கேயே நின்றுவிடும். இந்தக் கருவியோ முதல் சுற்றில் நன்றாக இருக்கும் பகுதிகளை எல்லாம் விரைந்து எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை ஒரு மேப் கோப்பில் குறித்து வைத்துவிட்டு, கடைசியில்தான் அவற்றிடம் திரும்பி வரும். அந்த மேப் கோப்பை இன்னொரு பென் டிரைவில் சேமியுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்க்கின் வரிசை எண்ணைப் பார்த்து உறுதி செய்த பிறகே என்டர் விசையைத் தொடுங்கள். இடம் மாறிப்போனால் வெற்று எஸ்எஸ்டியின் நகல் உங்கள் பழைய டிஸ்க்கில் ஏறிவிடும்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே டிஸ்க் அடையாளம் இருப்பதால், இரண்டையும் மாட்டியபடி விண்டோஸைத் தொடங்கினால் குழப்பம் வரும். செக்டிஸ்க்கை அப்போது எஸ்எஸ்டியின் மீது ஓட்டுங்கள்.

ஊசுட்டேரி (புதுச்சேரி):

பாகூரானின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பக் கடைக்கு லினக்ஸ் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி சாவி) மாட்டிச் செய்ய வேண்டிய வேலை ஒன்று வந்தால், அதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே இருந்துவிட்டால், வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். எஸ்எஸ்டிக்குச் செலவிடும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, எட்டாம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5 உள்ள பயன்படுத்திய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கினால் முறையாக விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாம். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு ஈரத்தில் இருந்து எடுத்து வந்த பழைய பலகைகளை நிறையப் பார்த்தவன் என்பதால், பதினைந்து ஆண்டு கடந்த மதர்போர்டின் மீது புதிய எஸ்எஸ்டியை நம்பி ஏற்ற எனக்குக் கை வருவதில்லை.

பாகூரான்:

நியாயமான ஐயம்தான். ஆனால் எஸ்எஸ்டிக்கான செலவு வீண்போகாது. நாளை நீங்கள் சொல்லும் கணினியை வாங்கினாலும் அதே எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். டோக்கன் வேலை வருகிறதா இல்லையா என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். சில டோக்கன்களுக்கு லினக்ஸ் மென்பொருளும் உண்டு என்றாலும், வாங்குவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

நேரில் யாராவது உடனிருந்தால் நல்லது என்று தோன்றினால், புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவும் உள்ளன.

கெடிலக்கரை:

என் கடையில் டோக்கன் வேலை இல்லை. படிவம் நிரப்புவது, படம் ஏற்றுவது, ரசீது அச்சிடுவது ஆகியவை மட்டுமே. ஆகவே பாகூரான் ஐயா சொன்ன வழியிலேயே சென்றேன். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றிலேயே பெரும்பகுதியை எடுத்துவிட்டது. கடைசி ஓரிரு மெகாபைட்டுக்காகத்தான் இரவு முழுவதும் முயன்றது. விடிந்து பார்த்தபோது சில கிலோபைட் மட்டும் மீட்கப்படாமல் இருந்தது. எஸ்எஸ்டியில் செக்டிஸ்க் ஓட்டியபின் தேடியதில் பழைய பத்திரிகை ஒன்றின் படக் கோப்பு மட்டும் பாதியில் சாம்பல் நிறமாக நிற்கிறது, மற்றவை திறக்கின்றன. விண்டோஸ் 7 எஸ்எஸ்டியிலிருந்து தொடங்குகிறது, பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருக் கோப்புகளும் இருந்தபடியே உள்ளன. மின்ட்டில் விண்ணப்பத் தளங்கள் எல்லாம் திறக்கின்றன. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும் அமைந்துவிட்டது.

மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன. மின்ட்டில் வேலை செய்துவிட்டு விண்டோஸ் 7-க்குச் சென்றால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டுகிறது. புதிய பேட்டரியும் பழுதா? இரண்டாவது, எச்பி 1020 மின்ட்டில் பட்டியலில் தெரிகிறது, ஆனால் அச்சிடக் கொடுத்தால் வேலை முடிந்ததாகக் காட்டுகிறதே தவிரத் தாள் வெளிவரவில்லை. மூன்றாவது, அவசரத்துக்கு ஒரு பேஜ்மேக்கர் கோப்பை மின்ட்டிலேயே திறந்து பார்க்க வழி உண்டா?

நெல்லிக்குப்பத்துக்காரர்:

பேட்டரியில் பழுது இல்லை. மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைப்பது லினக்ஸின் வழக்கம். அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்வது விண்டோஸின் வழக்கம். இந்திய நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஐந்தரை மணி. மின்ட்டின் முனையத்தில் டைம்டேட்சிடிஎல் கட்டளையைக் கொண்டு வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். அதன்பின் விண்டோஸில் ஒருமுறை நேரத்தைச் சரிபார்த்தால் போதும்.

விண்டோஸ் 7-ஐ இனி இணையத்தோடு இணைக்காதீர்கள். நெட்வொர்க் கார்டை அதில் முடக்கி வைத்துவிடுவது எளிது. பென் டிரைவில் வரும் கோப்புகளை முதலில் மின்ட்டில் திறந்து பார்த்துவிட்டு அங்கே கொண்டு செல்லுங்கள்.

பாகூரான்:

எச்பி 1020-க்கு நிலையான உள்மென்பொருள் கிடையாது. அச்சுப்பொறியை இயக்கும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை அனுப்பிவைக்க வேண்டும். விண்டோஸில் டிரைவரே அதைச் செய்துவிடுவதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மின்ட்டில் எச்பிலிப் என்ற மென்பொருள் இருக்கும். அதன் துணையாக எச்பி பிளக்-இன் ஒன்றைத் தனியே இறக்கி நிறுவ வேண்டும், அதற்கான கட்டளையின் பெயரும் அதுவே. நிறுவியபின் அச்சுப்பொறியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். உள்ளே உருளைகள் ஒருமுறை சுழலும் ஓசை கேட்டால் உள்மென்பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். பிளக்-இன் பதிப்பும் எச்பிலிப் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், மின்ட் புதுப்பிப்பில் எச்பிலிப் மாறினால் அந்தக் கட்டளையை மறுபடியும் ஓட்ட வேண்டியிருக்கும்.

பேஜ்மேக்கர் கோப்பை லிப்ரெஆஃபிஸ் டிராவில் திறக்கலாம், 4.4 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு. பாமினி எழுத்துருவை மின்ட்டிலும் நிறுவிவிட்டால் எழுத்துகள் படிக்கும்படி வரும், ஆனால் வரிகள் நகரும், பெட்டிகள் இடம் மாறும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் ஒரு பெயரையோ தேதியையோ நகலெடுக்கவும் அது போதும். அச்சுக்குப் போகும் பத்திரிகையை விண்டோஸ் 7-இலிருந்தே அச்சிடுங்கள்.